கூடாரத்தைப் பெயர்க்குமுன்

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் எங்கள் மகள், கணவரோடும் குழந்தையோடும் அரியலூருக்கு வந்திருந்தாள். பகலுணவு முடிந்து இலையை எடுத்தபின், "அப்பா, அம்மா, உங்கள் இருவரிடமும் ஒன்று கேட்க வேண்டும்" என்று தொடங்கினாள். அவளும் மருமகனும் பெரம்பலூரில் ஒரு சிறு ஜெராக்ஸ் கடை நடத்தி வருகின்றனர். கணினியில் தட்டச்சு, பைண்டிங், விண்ணப்பம் நிரப்புதல் ஆகிய வேலைகளும் அங்கு உண்டு. அரியலூரில் 2022ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மாணவர்களும் நோயாளிகளின் உறவினரும் நாள்தோறும் வந்து போகின்றனர். "கடையை இங்கேயே கொண்டுவந்துவிடலாமா?" என்பதே அவள் கேள்வி.

"வந்துவிடு, அம்மா" என்னும் விடை எங்கள் இருவரின் நாவிலும் ஒருங்கே எழுந்தது. ஆயினும் அதை விழுங்கிக்கொண்டோம். ஏனெனில், இதே சொல்லை 2001ஆம் ஆண்டில் வேறொருவரிடம் சொன்னோம். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. அந்தக் கதையை அன்று மாலை அவளுக்கு முழுமையாகச் சொன்னோம். இத்தகைய கேள்வியோடு இரவில் உறக்கமின்றிப் புரளும் குடும்பங்கள் நம் பங்குகளில் பல இருக்கும் என்பதால், இங்கும் எழுதத் துணிகின்றோம்.

தந்தை விட்டுச்சென்ற அச்சகம்

எங்கள் தொழில் அச்சுத் தொழில். எங்கள் தந்தை அறுபதுகளில் ஒரு ட்ரெடில் இயந்திரத்தோடும் சில பெட்டி ஈய எழுத்துக்களோடும் அரியலூரில் தொடங்கியது அது. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவிப்பு, முப்பதாம் நாள் நினைவு அட்டை என்று ஊர் மக்களின் சுகமும் துக்கமும் எங்கள் கடை வழியாகவே அச்சேறிச் செல்லும். தந்தை இறந்தபின் அண்ணன் தம்பி இருவரும் அதையே நடத்தினோம். "நாங்கள்" என்று நாங்கள் எழுதுவது கணவன் மனைவி இருவரையும் குறிக்கும். அச்சடிப்பது ஒருவர், கணக்கு எழுதுவது மற்றவர் என்பதே எங்கள் இல்லத்து ஏற்பாடு.

அரியலூரையும் பெரம்பலூரையும் அறியாதவர்க்கு ஒரு சொல். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். பெரம்பலூர், சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பூமி. ஆனால் அங்கு இரயில் கிடையாது. அரியலூரோ விழுப்புரம் - திருச்சி இரயில் பாதையில் உள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மருதையாற்றுப் பாலத்தில் நேர்ந்த கொடிய இரயில் விபத்தையும், அதன்பின் லால் பகதூர் சாஸ்திரி இரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்ததையும் கொண்டே வெளியூரார் பலர் எங்கள் ஊரை அறிந்திருந்தனர். எங்கள் மண்ணின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குமுன் இங்குக் கடல் இருந்ததற்குச் சான்றாக, சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிக் கிடக்கின்றன. அந்தக் கல்லை நம்பியே சிமெண்டு ஆலைகள் வந்தன. அரசின் சிமெண்டு ஆலை 1979இல் இங்கு உற்பத்தியைத் தொடங்கியது.

இரண்டு ஊர்களும் நெடுங்காலம் திருச்சி மாவட்டத்தில் இருந்தவை. 1995இல் திருச்சி மாவட்டம் பிரிக்கப்பட்டுப் பெரம்பலூர் தலைநகராயிற்று. அரியலூரும் அந்த மாவட்டத்துக்குள் அடங்கியது. கலெக்டர் அலுவலகம் வந்தால் அதைச் சுற்றி விண்ணப்பம் எழுதுவோர், தட்டச்சுச் செய்வோர், தேநீர்க் கடைக்காரர் என ஒரு சிறு உலகமே வந்து சேரும் அல்லவா? எங்கள் தம்பிக்கு ஈய எழுத்தைவிடத் தட்டச்சு இயந்திரத்தில் கை நன்றாக ஓடும். 1996இல் அவர் பெரம்பலூர் சென்றார். அலுவலகங்களுக்கு அண்மையில் எட்டடி அகலத்தில் ஒரு கடை பிடித்தார். மனுக்களும் பத்திரங்களும் தட்டச்சுச் செய்து கொடுத்து, ஐந்தே ஆண்டுகளில் தம் குடும்பத்தை நிமிர்த்திக் கொண்டார்.

நாங்கள் சொன்ன அறிவுரை

2001ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. அன்று எங்கள் தெருவில் வெடித்த பட்டாசுக் காகிதங்களைப் பெருக்குவதற்கே மறுநாள் நெடுநேரம் ஆயிற்று. கடை வாடகைகள் உயர்ந்தன. பூட்டிக் கிடந்த வீடுகளின் முன்னறைகள் கடைகளாயின. நாங்களும் அந்த வெள்ளத்தில் இறங்கினோம். இரண்டாவது ட்ரெடில் ஒன்றை வாங்கினோம். பக்கத்து இடத்தையும் வாடகைக்கு எடுத்தோம். பின்னர் தம்பியை அழைத்தோம்.

"இனி மனு எழுதுகிறவன் பெரம்பலூருக்குப் போகமாட்டான். நீ அங்கே இருந்து என்ன செய்யப் போகிறாய்? வந்துவிடு" என்றோம். தம்பி தயங்கினார். "அண்ணா, அங்கே என்னைத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்களே" என்றார். "இங்கே உன்னைப் பெற்ற தாய் இருக்கிறாள்" என்று விடை சொன்னோம். அதற்குமேல் அவர் பேசவில்லை. பெரம்பலூர்க் கடையை ஒப்படைத்துவிட்டு வந்தார். வங்கியில் எண்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கி ஜெராக்ஸ் இயந்திரம் ஒன்று போட்டார். அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டவர்கள் நாங்களே.

பதினைந்து மாதங்கள் சென்றன. இடையில் ஆட்சி மாறிற்று. 2002ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் அரியலூர் மாவட்டம் கலைக்கப்பட்டு, மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. மாவட்ட அலுவலகங்கள் இல்லையென்று ஆனபின், அவற்றை நம்பி வந்தவர் நிலை என்ன? ஜெராக்ஸ் இயந்திரத்தின்மீது துணி போர்த்தித் தம்பி உட்கார்ந்திருந்த காட்சி இன்றும் எங்கள் கண்முன் நிற்கின்றது. மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்து நின்றது. பெரம்பலூரில் அவர் விட்டு வந்த இடத்தில் வேறொருவர் தட்டச்சு இயந்திரத்தோடு அமர்ந்துவிட்டார்.

அவ்வாண்டின் நடுவில் தம்பி மீண்டும் பெரம்பலூர் சென்றார். இம்முறை கடைக்கு உரிமையாளராக அல்ல, பிறர் கடையில் கூலிக்குத் தட்டச்சுச் செய்பவராக. கடனின் மீதியை அடைக்க, நாங்கள் வாங்கிய இரண்டாவது ட்ரெடிலைப் பழைய இரும்பு விலைக்கு விற்றோம். அது எங்கள் கடமை. தம்பி அதற்கு நன்றியும் சொல்லவில்லை, வசையும் சொல்லவில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டார். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் வரவில்லை. அவரைப் பாராமலே எங்கள் தாய் 2003இல் நோயில் படுத்தார். செய்தி கேட்டு ஓடிவந்தார். தாயின் கட்டிலருகே அமர்ந்தார். எங்களோடு பேசாமலே திரும்பினார்.

எண்ணிப் பார்த்த இரவுகள்

அந்நாள்களில் எங்களுக்கும் அதே கேள்வி எழுந்தது. தலைநகர் பெரம்பலூர்தான் என்று ஆனபின், அச்சகத்தை அங்கே கொண்டு போவதா? எங்களுள் ஒருவர் போகலாம் என்றார். மற்றவர் கூடாது என்றார். யார் எதைச் சொன்னார் என்பது இங்கு வேண்டுவதில்லை. இரவெல்லாம் தர்க்கம் நடந்தது என்பதே போதும்.

அப்பொழுது எங்கள் பங்குத் தந்தையாக இருந்தவரிடம் சென்று முறையிட்டோம். போ என்றும் அவர் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தை எடுத்து, கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப்பற்றி ஆண்டவர் கூறிய உவமையைப் படிக்கச் சொன்னார். "நீங்கள் இன்னும் உட்காரவே இல்லை, நின்றுகொண்டே சண்டையிடுகிறீர்கள்" என்றார்.

உட்கார்ந்தோம். பன்னிரண்டு மாதப் பில் புத்தகங்களை மேசைமேல் அடுக்கினோம். ஒவ்வொரு பில்லையும் எடுத்து, இந்தப் பணம் யாரிடமிருந்து வந்தது என்று மூன்று பத்திகளில் எழுதினோம். நான்கு இரவுகள் ஆயின. நூறு ரூபாய் வரவில், அரசு அலுவலகங்களைச் சார்ந்து வந்தது இருபத்திரண்டு ரூபாய். சிமெண்டு ஆலைகளைச் சார்ந்த லாரி அலுவலகங்கள், ஒப்பந்தக்காரர் ஆகியோரிடமிருந்து வந்தது பதினேழு. எஞ்சிய அறுபத்தொன்றும் சுற்றுக் கிராமங்களின் கல்யாணம், காதணி விழா, கோயில் திருவிழா, சாவு, சிறு கடைகள் ஆகியவற்றிலிருந்து வந்தவை.

கடையை மாற்றினால் இவற்றுள் எது எங்கள் பின்னால் வரும் என்று கேட்டுக்கொண்டோம். கிராமத்து மனிதர் கல்யாணப் பத்திரிகைக்காகக் கூடுதலாக முப்பது கிலோமீட்டர் வரமாட்டார். நள்ளிரவில் கதவைத் தட்டி, "தகப்பனார் தவறிவிட்டார், விடியுமுன் நோட்டீஸ் வேண்டும்" என்று நிற்பவர் அறிந்த கதவையே தட்டுவார். அறியாத ஊரில் எவர் கதவையும் தட்டமாட்டார். அந்த இருபத்திரண்டு ரூபாயும் அங்குச் சென்றால் உறுதியில்லை. பெரம்பலூரில் ஏற்கெனவே அச்சகங்கள் இருந்தன.

வேறொன்றையும் கணக்கில் சேர்த்தோம். தந்தையின் காலத்திலிருந்து எங்களிடம் எழுத்துக் கோத்த பெரியவர் ஒருவர் இருந்தார். எந்த எழுத்து எந்த அறையில் இருக்கிறதென்று அவருடைய விரல்கள் கண்ணின் உதவியின்றியே அறியும். அவரால் நாள்தோறும் பேருந்தில் போய்வர இயலாது. அவரை விட்டுச்செல்வதன் விலை எந்தப் பில் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. ஆயினும் அதுவும் விலையே. நாங்கள் அரியலூரிலேயே தங்கினோம்.

இதைத் தங்குவதே சரி என்பதற்குச் சான்றாக எவரும் கொள்ளவேண்டாம். 1996இல் தம்பி சென்றது முற்றிலும் சரியான முடிவே. அவருடைய தொழில் அலுவலகத்தின் நிழலில் வளர்வது. எங்கள் தொழில் கிராமத்துப் பேருந்துகளை நம்பி வாழ்வது. ஒரே குடும்பம், ஒரே கடைப் பலகை என்பதனால் இரண்டையும் ஒன்றென்று எண்ணியதே எங்கள் மடமை.

கல்லறையில் ஒரு மன்னிப்பு

எனினும் கணக்குப் பிழை எங்கள் பெரும்பிழை அன்று. அது தெரிய எங்களுக்கு நெடுநாள் பிடித்தது. தம்பியை நாங்கள் அழைத்தது அவருடைய நன்மைக்காகவே என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஆயத்தம் செய்த ஒரு மாலையில் உண்மை வெளிப்பட்டது. நோயுற்ற தாயைக் கவனிக்க எங்களுக்கு இன்னொரு கை வேண்டியிருந்தது. புதிதாக எடுத்த இடத்தின் வாடகையில் பாதியைக் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. எங்கள் தேவையை எடுத்து, அறிவுரை என்னும் துணியால் போர்த்தி, தம்பியின் முன் வைத்தோம். தாயின் பெயரைச் சொல்லி அவர் வாயையும் அடைத்தோம்.

2004ஆம் ஆண்டு நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள். அதற்குள் தாயும் தந்தைக்கு அருகில் துயில்கொள்ளச் சென்றுவிட்டார். கல்லறைக்கு வெள்ளையடித்து, செவ்வந்திப் பூ வைத்து, மெழுகுதிரிகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். தம்பியும் அவர் மனைவியும் பிள்ளைகளும் எதிர்ப்புறத்தில் வந்து நின்றனர். காற்றில் ஒரு திரி அணைந்தது. இருபுறத்திலிருந்தும் கைகள் நீண்டன.

"தம்பி, உன் நன்மைக்கென்று சொல்லி எங்கள் நன்மைக்காக அழைத்தோம். எங்களை மன்னித்துவிடு" என்றோம். அவர் உடனே விடை சொல்லவில்லை. தீக்குச்சியை உரசி அந்தத் திரியை ஏற்றினார். பிறகு, "நீங்கள் அழைத்தீர்கள், அண்ணா. ஆனால் எண்ணிப் பாராமல் வந்தது நான். இரண்டு ஆண்டுகளாக அந்தப் பாதிக் குற்றத்தையும் உங்கள்மேலேயே ஏற்றி வைத்திருந்தேன்" என்றார். அண்ணியின் கையைப் பற்றிக்கொண்டு தம்பியின் மனைவி அழுதார். அன்று பகலுணவு எங்கள் வீட்டில்.

தம்பி பின்னர் பெரம்பலூரிலேயே மீண்டும் சொந்தக் கடை தொடங்கினார். இம்முறை அலுவலகத்தை மட்டும் நம்பவில்லை. வெங்காய மண்டிகளுக்கும் பருத்தி வியாபாரிகளுக்கும் பில் புத்தகம், கணக்குப் புத்தகம் ஆகியவற்றுக்கு ஆர்டர் பிடித்தார். அவற்றை அச்சடித்துக் கொடுப்பது யார் தெரியுமா? அரியலூரில் நாங்கள்! முன்பே இப்படிச் செய்திருக்கலாம். இருவரும் ஒரே ஊரில் இருந்தால்தான் குடும்பம் என்று எண்ணியிருந்தோம்.

2007ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அரியலூர் மீண்டும் மாவட்டமாயிற்று. அன்றுமுதல் இன்றுவரை நிலைத்தும் இருக்கின்றது. மறுபடியும் பட்டாசு, மறுபடியும் வாடகை உயர்வு. நாங்கள் மகிழ்ந்தோம், ஆனால் கடன் வாங்கவில்லை. அரசாணையால் வருவது அரசாணையால் போகவும் கூடும் என்று கற்றிருந்தோமே! வந்த வேலையை இருந்த இயந்திரத்தில் செய்தோம். சேமித்த பணத்தில் ஈராண்டு கழித்துப் பழைய ஆப்செட் இயந்திரம் ஒன்றை வாங்கினோம். தந்தையின் ட்ரெடில் இப்போது ஓடுவதில்லை. கடையின் மூலையில் எண்ணெய் பூசி வைத்திருக்கின்றோம்.

மகளுக்குச் சொன்னவை

கதையைச் சொல்லி முடித்தபின் எங்கள் மகளிடம், "முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். எங்களுக்கு வயதாகின்றது. நீ அருகில் இருக்க வேண்டுமென்று எங்கள் மனம் ஏங்குகின்றது. ஆகையால், எங்கள் சொல்லை அப்படியே தராசில் வைக்காதே, அந்த ஏக்கத்தின் எடையைக் கழித்துவிட்டு வை" என்றோம். அவள் கண்கள் கலங்கின. அதன்பின் சில நடைமுறைகளைச் சொன்னோம்.

ஓராண்டுப் பில்லை எடுத்து, எந்த வரவு உன் பின்னால் வரும், எது அங்கேயே நின்றுவிடும் என்று பிரித்துப் பார். புதிய இடத்தில் ஒரு நாள் நின்று கூட்டத்தைக் கண்டு மயங்காதே. மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், மாதக் கடைசியில் ஒரு நாள், கல்லூரி விடுமுறையில் ஒரு நாள் சென்று, எத்தனைபேர் நடக்கிறார்கள் என்பதைவிட எத்தனைபேர் பையைத் திறக்கிறார்கள் என்று எண்ணு. வாடகையை வாய்ச்சொல்லில் விடாதே. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் வேண்டுகின்றது. ஆகவே முன்பணம் திரும்பும் விதத்தையும் அதில் எழுதிவிடு. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் மானியக் கடன்களைக் கேட்டறி. ஆனால் மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தொழில் தொடங்காதே. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது; தரகரிடம் பணம் கொடுத்து ஏமாறாதே. பழைய கடை தாங்கக்கூடிய தவணைக்குமேல் புதிய கடைக்குக் கடன் வாங்காதே. ஜாமீன் கேட்டால், கையெழுத்திடுபவரும் உன்னோடு சேர்ந்து விழக்கூடும் என்பதை நினை.

அன்றிரவு குடும்பச் செபத்தின்போது திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் அதிகாரத்தைப் படித்தோம். அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியர் கூடாரம் செய்யும் தொழிலாளர். யூதர்களை உரோமையிலிருந்து வெளியேற்றிய கிளவுதியு பேரரசரின் ஆணையால் கொரிந்து நகருக்கு வந்தவர்கள். அவர்களையும் ஓர் அரசாணைதானே பெயர்த்தது! அதே தொழில் தெரிந்த பவுலடியார் அவர்கள் வீட்டில் தங்கி, அவர்களோடு வேலை செய்தார். பின்னர் அவர்கள் எபேசு சென்றனர். உரோமையர் திருமுகத்தின் இறுதியில் பார்த்தால், மீண்டும் உரோமையில் இருக்கின்றனர்; அவர்கள் வீட்டில் திருச்சபை கூடுகின்றது. எத்தனை முறை கடையைப் பெயர்த்தார்களோ! எந்த ஊரில் எவ்வளவு வருமானம் கிடைத்தது என்று விவிலியம் சொல்லவில்லை. எங்குச் சென்றாலும் இருவரும் ஒன்றாகச் சென்றதையும், அவர்கள் கதவு பிறருக்குத் திறந்திருந்ததையும் மட்டுமே சொல்கின்றது.

மகள் மறுவாரமே கணக்கெடுக்கத் தொடங்கினாள். தன் வரவில் பெரும்பகுதி, பெரம்பலூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து சான்றிதழ் விண்ணப்பத்துக்காக வரும் பெண்களிடமிருந்து கிடைப்பதைக் கண்டாள். "இவர்களில் ஒருவர்கூட அரியலூருக்கு வரமாட்டார்கள், அம்மா" என்று தொலைபேசியில் சொன்னாள். கல்லூரி மாணவர்களின் வேலையை முற்றிலும் விட்டுவிடவும் அவளுக்கு மனமில்லை. ஆகவே, கடையைப் பெயர்க்காமல், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மருமகன் எங்கள் அச்சகத்தின் முன்பகுதியில் ஒரு மேசையும் ஒரு சிறு இயந்திரமும் போட்டு ஆறு மாதம் நடத்திப் பார்ப்பது என்று அவர்களே முடிவுசெய்தார்கள். வாடகை வேண்டாம் என்றோம். "வாடகை வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எங்கள் கணக்கு பொய்யாகிவிடும்" என்றார் மருமகன். வாங்கிக்கொள்கின்றோம்.

மேசை போடுவதற்கு இடம் போதவில்லை. தந்தையின் ட்ரெடிலைச் சுவரோரம் நகர்த்த வேண்டியிருந்தது. பெரம்பலூரிலிருந்து தம்பி வந்திருந்தார். நால்வராகச் சேர்ந்து, இரும்புக் கம்பியை அடியில் கொடுத்து, மூன்றடி தூரம் நகர்த்த ஒரு மணி நேரம் ஆயிற்று. வியர்வையைத் துடைத்துக்கொண்டே தம்பி சிரித்தார்: "மூன்றடிக்கே இந்தப் பாடு, அண்ணா. முப்பது கிலோமீட்டருக்குச் சற்று யோசிக்கத்தான் வேண்டும்!"